கேரட் விலை இறங்கிய வாரம்

கிலோ பன்னிரண்டுக்குக் கேரட் இறங்கிய வாரமாகப் பார்த்துத்தான்
வருமானப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாய், யோகநாதா.
எண்பதுக்கு ஏறிய வாரத்தைப் பற்றி
என் வக்கீலம்மா கேட்டார்.
"அப்போ மழைங்க" என்றாய்.
கேத்தியில் மழை இல்லாத வாரம் எது?

எதிர்மனுதாரர் திடகாத்திரமானவர்,
உழைத்துச் சம்பாதிக்கத் தகுதியுள்ளவர் என்று
உத்தரவில் எழுதியிருந்தது.
இதையேதான் அன்று பெண் பார்த்துவிட்டுப் போனபின்
என் அண்ணனும் சொன்னான்.

பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஐந்தாம் தேதிக்குள்.
நிரோஷாவுக்கு அப்போது மூன்று வயது.
குளிப்பாட்டித் துவட்டினால்
"நம்ம மிஷின்ல கழுவுன கேரட்டு" என்பாய் நீ.
நீதிபதி எழுதிக்கொண்டது பாலும் டானிக்கும்
ஒரு ஸ்வெட்டரும்.
ஒரு ஸ்வெட்டர்.

எட்டு வருஷம்.
முழங்கைக்கு ஏறிவிட்ட அந்த ஸ்வெட்டரை
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊட்டிக்கு பஸ் ஏறினேன்.
சூழ்நிலை மாறியதற்கு ஆதாரம் வேண்டுமாம்.
ஸ்வெட்டரை எடுக்க விடவில்லை வக்கீலம்மா,
பள்ளிக்கூட ரசீதுகளைத் தைத்துக் கொடுத்தார்,
வேன் வாடகை, நோட்டு, கண்ணாடி.
உன் தம்பி பெயரில் நிற்கும் பிக்கப் வண்டியின் நம்பரை
என் கொழுந்துக்கூடை ஓரத்தில் கரியால் எழுதி வைத்திருந்தேன்,
அதையும் சொன்னேன்.
மூன்று வாய்தா. டவாலி மூன்று முறை கூப்பிட்டும்
நீ வராத நாள் ஒன்று.
அன்றைக்கு என் கூலியும் போச்சு.
நாலாயிரத்து ஐந்நூறு ஆக்கினார்கள்.
அவள் வளர்ந்ததில் பாதிக்கு
கோர்ட்டும் வளர்ந்தது.

முதல் மாதம் கட்டினாய்.
அதற்குப்பின் பதினொரு ஐந்தாம் தேதிகள்.
"வருஷம் தாண்டுனா அந்தப் பாக்கியக் கேக்க முடியாது,
இப்பவே மனுப் போடு" என்றார் வக்கீலம்மா.
பசிக்கும் காலாவதி உண்டு என்று
அன்றுதான் தெரிந்தது.

வாரண்டோடு வந்த ஏட்டய்யாவுக்கு உன் முகம் தெரியாது.
"ஆளக் காட்டிட்டுப் போயிரும்மா."
விடிகாலை நாலரை, கேத்தி பாலாடா.
மிஷின் உருள்கிறது, பல்பு வெளிச்சத்தில் நீராவி,
ரப்பர் பூட்ஸோடு பத்துப் பேர் தண்ணீரில்.
நான் விரலை நீட்டினேன்.
தாலி கட்டின அன்றுகூட
இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கவில்லை.
விரல் குளிரில்தான் நடுங்கியது என்று
நான் சொன்னால் நீ நம்பவா போகிறாய்?

"உள்ள போய் உக்காந்துக்கறேன், கணக்குத் தீந்துரும்" என்றாய்
கோர்ட்டில், என் பக்கம் திரும்பாமலே.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.
உள்ளே போனாலும் கடன் வெளியேதான் நிற்கும் என்று
அவர் சொன்ன பிறகு
உன் தம்பி எழுந்து வெளியே போனான்.
மத்தியானம் முப்பதாயிரம் வந்தது.
மிச்சம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு மூன்று தவணை.

நோட்டெல்லாம் ஈரம். ஒன்றோடொன்று ஒட்டி,
மடிப்புக்குள் செம்மண்.
நிரோஷா ஒவ்வொன்றாகப் பிரித்து
அடுப்போரம் காயப்போட்டாள்,
கண்ணாடி ஆவியில் மங்க மங்கத் துடைத்துக்கொண்டு.
"இது அப்பா குடுத்ததா, கோர்ட் குடுத்ததா?"
உலை கொதித்தது, நான் அரிசியைப் போட்டேன்.
அவள் திரும்பக் கேட்கவில்லை.
ஒரு நூறு ரூபாயை மட்டும் முகர்ந்து பார்த்தாள்.

எனக்கு ஒரு சென்ட் கேரட் காடு கிடையாது.
ஆனாலும் கொழுந்துக்கு இறங்குமுன்
தினமும் போனில் கேட்டுவிடுகிறேன்,
மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்கு என்ன விலை என்று.
இன்று நாற்பத்திரண்டு.
தேதி மூன்று.